கியூவை ஒழிச்சவருக்கு ஏன் 17 வீதம்? யானை, கை, மொட்டு, திசைகாட்டி: காசு விஷயத்தில் யாரை நம்பினீர்கள்?

கொட்டாஞ்சேனைக்காரன்

நேற்று எங்கள் தெரு ஓட்டோ ஸ்டாண்டில் ஒரு வாக்குவாதம். பிளேன்டீ குடிக்கப் போனவன் முக்கால் மணித்தியாலம் நின்றுவிட்டேன். விஷயம் பழசுதான். 2022 ஜூலையில் பெட்ரோலுக்காக இரண்டு நாள் வண்டிக்குள்ளேயே படுத்துக் கிடந்த மனுசன், அந்த வரிசையை இல்லாமலாக்கிய ஜனாதிபதி ரணிலுக்கு 2024 செப்டெம்பர் ஜனாதிபதித் தேர்தலில் ஏன் வாக்குப் போடவில்லை?

முடிவு எல்லாருக்கும் தெரியும். முதல் எண்ணிக்கையில் அநுர 42.31 வீதம், சஜித் 32.76, ரணில் 17.27. 2019இல் இதே அநுர வாங்கியது 3.16 வீதம். (சின்னம் தெரியாதவர்களுக்கு: யானை ரணிலின் ஐக்கிய தேசியக் கட்சி, கை சிறிமாவின் சுதந்திரக் கட்சி, மொட்டு ராஜபக்ச குடும்பத்தின் கட்சி, திசைகாட்டி அநுரவின் கட்சி.)

ஸ்டாண்டில் இருந்த ஒருவர் போனைத் திறந்து காட்டினார். எரிபொருள் கியூ.ஆர். கோட்டின் ஸ்கிரீன்ஷாட் இன்னும் கெலரியில் கிடக்கிறது. அழிக்கப் பயமாம். அவரும் திசைகாட்டிக்குத்தான் போட்டவர்.

நான் கேட்பது இதுதான். ஒரு கட்சிக்குப் பொருளாதாரம் தெரியும், இன்னொன்றுக்குத் தெரியாது என்று நாங்கள் எதை வைத்து முடிவு செய்கிறோம்? உங்கள் வீட்டில், உங்கள் ஊரில் நடந்ததைச் சொல்லுங்கள். பேப்பர் கட்டுரையை வெட்டி ஒட்ட வேண்டாம். இனப் பிரச்சினைச் சண்டைக்கு வேறு இழை இருக்கிறது, அங்கே போய்ப் பிடியுங்கள்.

---

நல்லூரான்

வரிசை போனதுக்கு ரெண்டு காரணம் இருக்குத் தம்பி. ஒண்டு, இந்தியாக் கடனும் பிறகு ஐ.எம்.எப். காசும் வந்து டொலர் புழங்கினது. மற்றது, சனத்தால வாங்க ஏலாமல் போனது. ரெண்டாவதை ஒருத்தரும் மேடையில சொல்லமாட்டினம். முந்தி ஃபுல் டாங்க் அடிச்சவன் ஆயிரம் ரூபாய்க்கு அடிச்சிட்டுப் போனால் வரிசை கட்டையாகத்தானே போகும்?

கரண்ட் பில்லை எடுங்கோ. 2022 ஓகஸ்டில சராசரி 75 வீதம் கூட்டினவை. 2023 பெப்ரவரியில அதுக்கு மேல 66 வீதம். பெருக்கிப் பாருங்கோ, மூண்டு மடங்குக்குக் கிட்ட வரும். பிறகு குறைச்சவைதான், இல்லையெண்டு சொல்லேல்லை. ஆனால் கூட்டேக்க வந்த பில்லை மனிசி பிரிட்ஜ் கதவில ஒட்டி வைச்சது, குறைச்ச பில்லை ஒட்டேல்லை. எங்கட வீட்டில ரணிலின்ர பொருளாதாரம் எண்டால் அந்தக் கடதாசிதான். பிரிட்ஜை நிப்பாட்டி நாலு மாதம் அலுமாரியாகப் பாவிச்சனாங்கள். உள்ளுக்கு அரிசியும் பருப்பும்.

---

கணக்குப்பிள்ளை

நான் ஒரு தனியார் கம்பெனியில் கணக்கு வேலை. எண்களோடு பேசுகிறேன், கோபிக்க வேண்டாம்.

2022 செப்டெம்பரில் கொழும்புப் பணவீக்கம் 69.8 வீதம். அடுத்த ஜூலையில் 6.3. ரணில் ஆட்கள் இதைச் சாதனை என்றார்கள், கணக்குப்படி அது சாதனைதான். ஆனால் பணவீக்கம் குறைந்தது என்றால் விலை குறைந்தது என்று அர்த்தமில்லை. ஏறிய இடத்திலேயே நின்றுகொண்டு மெதுவாக ஏறுகிறது என்று அர்த்தம். இதை என் அம்மாவுக்கு விளக்கினேன். "அப்ப தேங்காய் பழைய விலைக்கு வராதா?" என்றார். வராது என்றேன். "பிறகென்ன குறைஞ்சது?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டார்.

இன்னொன்று. நாங்கள் எல்லாரும் மறக்க விரும்புகிற விஷயம். 2019 கடைசியில் கோட்டாபய வந்ததும் வற் வரியை 15இலிருந்து 8க்குக் குறைத்தார்கள், சம்பளத்தில் பிடிக்கும் வரியை எடுத்துவிட்டார்கள். 2020 ஜனவரி சம்பளச் சீட்டில் பிடிப்பு இல்லாததைப் பார்த்து எங்கள் ஒபிசில் கேக் வெட்டினோம். கணக்குப் பிரிவில்தான். அரசாங்கத்தின் வருமானம் எங்கே போகும் என்று தெரிந்திருக்க வேண்டிய ஆட்களே கேக் சாப்பிட்டோம். அந்த ஓகஸ்டில் மொட்டுக்கு 145 ஆசனம். "இவங்களுக்குத்தான் நிர்வாகம் தெரியும்" என்று அப்போது சொல்லாதவர்கள் கையைத் தூக்குங்கள்.

---

கொட்டாஞ்சேனைக்காரன்

கை தூக்கவில்லை. நானும் சொன்னவன்தான்.

---

சின்னவெங்காயம்

எனக்கு அறுபத்தெட்டு வயது. உரும்பிராய். நீங்கள் எல்லாம் 2022ஐயே பழங்கதை மாதிரிக் கதைக்கிறியள், நான் சிறிமா பிரதமராக இருந்த காலத்துக்குப் போறன்.

1970 தொடங்கி 77 வரைக்கும் தெற்கில கேட்டுப் பாருங்கோ. பாண் கியூ, துணிக் கியூ, அரிசி கொண்டுபோக அளவு, வழியில சோதனை. சிங்களச் சனத்திட்டை "கை"யின்ர பொருளாதாரம் எண்டால் இண்டைக்கும் மரவள்ளிக்கிழங்குதான் ஞாபகம் வரும். ஐம்பது வருசமாக யானைக்காரர் ஒவ்வொரு தேர்தலிலும் அந்தப் பாண் வரிசையைக் காட்டித்தான் வாக்குக் கேட்டவை.

யாழ்ப்பாணத்தில அதே ஏழு வருசம் பொன்னான காலம். வெளியில இருந்து செத்தல் மிளகாயும் வெங்காயமும் வர விடேல்லை. நாடு முழுக்க எங்கட தோட்டத்தைத்தான் பார்த்தது. அப்பாவுக்கு இருந்தது எட்டுப் பரப்பு, அதுவும் பாதி குத்தகை. துலா மிதிச்சு இறைச்ச மனுசன் மண்ணெண்ணெய் மிசின் வாங்கினார். முற்றம் முழுக்கப் பாய் விரிச்சு மிளகாய் காயும். இரவில நானும் அண்ணனும் மாறி மாறிக் காவல். தும்மித் தும்மித்தான் நித்திரை. லொறி வந்து படலையிலேயே நிறுத்துக் காசு எண்ணித் தந்திட்டுப் போவான். மண் வீடு கல்வீடானது அந்தக் காசில. அக்காவின்ர தாலிக்கொடியும் அந்தக் காசில.

77ல யானைக் கட்சி ஜே.ஆர். ஆட்சிக்கு வந்து வெளிச் சாமானுக்குக் கதவைத் திறந்துவிட்டார். கடையளில சாமான் குவிஞ்சது. நாட்டுக்கு வெளிச்சம் வந்தது எண்டு சனம் கொண்டாடினது. வெளி வெங்காயமும் வந்தது. அடுத்த வருசம் எங்கட வெங்காயத்தை லொறிக்காரன் கேட்ட விலை கிண்டின கூலிக்குக் காணாது. அப்பா குடுக்கேல்லை. குசினிக்குள்ள கயிறு கட்டித் தூக்கிவிட்டவர். முளைச்சுப் போச்சுது.

ஆக, எந்தக் கட்சிக்குப் பொருளாதாரம் தெரியும் எண்டு கேட்டால் நான் முதல் கேக்கிறது, உங்கட கொப்பர் விக்கிறவரோ வாங்கிறவரோ?

---

லயத்துப்பொடியன்

ஐயா சொன்னது ரொம்பச் சரி. ஆனா அதே சிறிமா காலத்துக்கு இன்னொரு பக்கம் இருக்கு. நான் ஹட்டன் பக்கம்.

73, 74ல தோட்டத்துல பட்டினி. படிச்சவங்களுக்குத் தெரியும், செத்தே போயிருக்காங்க. வேலை நாளைக் குறைச்சாங்க, மாவும் அரிசியும் கூப்பனுக்குச் சுருங்கிப் போச்சு. அதோட தோட்டத்தையெல்லாம் அரசாங்கம் எடுத்துச்சு. எத்தனையோ குடும்பம் லயத்தை (தோட்டத்து வரிசை வீடு) விட்டுட்டு வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் நடந்துச்சு. எங்க அப்பாயி இருந்த வரைக்கும் ரொட்டி சுட்டதும் ரெண்டை எடுத்து துணியில சுத்தி மெத்தைக்குக் கீழ வைக்கும். வீட்டுல அரிசி மூட்டை இருக்கும்போதும் வைக்கும். நாங்க சின்னப் பிள்ளைங்க திருடித் திம்போம். திட்டாது, ஆனா அடுத்த நாளும் வைக்கும்.

ஆக யாழ்ப்பாணத்துல கல்வீடு கட்டின அதே பொருளாதாரம்தான் எங்க அப்பாயியோட மெத்தைக்குக் கீழ ரொட்டி வச்சது.

இன்னொரு விஷயம். இந்த இழையோட பேரே வாக்காளர் யாரை நம்புறாங்கன்னுதான். எங்க தாத்தாவுக்கு ஓட்டே இல்ல. 48ல குடியுரிமையை எடுத்துட்டாங்க. பட்டினி கிடந்தப்பவும் ஓட்டு இல்ல, 77ல யானை ஜெயிச்சப்பவும் இல்ல. தோட்டத்துல பெரும்பாலானவங்க கதை அதுதான். அப்புறமா கிடைச்ச ஓட்டைத் தலைவர்மார் மொத்தமா எடுத்துட்டுப் போய் எந்தக் கட்சி ஆட்சியோ அங்க கொடுத்தாங்க. நாங்க கட்சியை எடை போட்டதே இல்ல. பேர் என்ன விலைன்னு மட்டும்தான் பார்த்தோம். (தெரியாதவங்களுக்கு: பேர்னா ஒரு நாள் சம்பளம். கொழுந்து கிலோ குறைஞ்சா அரைப்பேர்.)

---

கணக்குப்பிள்ளை

சின்னவெங்காயம் ஐயாவின் பதிவை ஒபிசில் நாலு பேருக்கு வாசித்துக் காட்டினேன்.

யானைக்கு "பொருளாதாரம் தெரிந்த கட்சி" என்று பேர் வந்ததே 77க்குப் பிறகுதான். அதற்கு முன் அதே ஜே.ஆர். நிதி மந்திரியாக இருந்து 1953இல் ஒரு கொத்து அரிசியை 25 சதத்திலிருந்து 70 சதமாக்கினார். ஓகஸ்ட் 12 ஹர்த்தால். பிரதமர் டட்லி பதவி விலகினார். கணக்குப்படி அந்த மானியத்தைத் தாங்க முடியாது என்பது உண்மை. சனத்தின் மொழியில் அது பசி.

1970 தேர்தல் இன்னும் சுவாரசியம். 65 தொடங்கி டட்லி அரசு நெல் விளைச்சலைக் கூட்டியது. ஆனால் பங்கீட்டு அரிசியை இரண்டு கொத்திலிருந்து ஒன்றாக்கியது. சிறிமா பக்கம் "சந்திரனிலிருந்தாவது அரிசி கொண்டுவருவோம்" என்று பிரசாரம். யானைக்குக் கிடைத்தது 17 ஆசனம். (ரணிலுக்கு 17 வீதம், டட்லிக்கு 17 ஆசனம். யானைக்கு இந்த இலக்கம் ராசியில்லை.) வாக்கை எண்ணினால் யானைக்கு 37.9 வீதம், கைக்கு 36.9. யானைக்குத்தான் கூட! இடதுசாரிகளோடு தொகுதி பிரித்துக்கொண்டதால் கை 91 ஆசனம் எடுத்தது. "மக்கள் டட்லியின் பொருளாதாரத்தை நிராகரித்தார்கள்" என்று எழுதுகிறார்களே, நாட்டில் அதிகம் பேர் போட்டது அவர் கட்சிக்கு. தேர்தல் முடிவை வைத்து மக்களின் மனசைப் படிக்கிறவர்கள் கொஞ்சம் அடக்கி வாசிக்கலாம்.

---

தாம்பரத்தான்

சென்னையிலிருந்து வாசிக்கிறேன். 2022ல இங்கேயிருந்து கப்பல்ல அரிசியும் பால் பவுடரும் அனுப்பினப்போ உங்க ஊர்ச் செய்தியை விடாம பார்த்தவன். ஒரு சந்தேகம். அநுர கட்சி மார்க்சிஸ்ட் கட்சின்னு சொல்றாங்க. ஐ.எம்.எஃப். ஒப்பந்தத்தை எதிர்த்துப் பேசினவங்க. ஜெயிச்சதும் அதே ஒப்பந்தத்தைத் தொடர்றாங்க. இதுல பொருளாதாரத்துக்குன்னு எங்கே ஓட்டுப் போட்டீங்க? தெரிஞ்சுக்கத்தான் கேக்கறேன்.

---

மட்டுவயல்

தம்பி, அதுக்கு மறுகா ஆராவது பதில் சொல்லட்டும். நான் வேளாண்மைக்காரன். கொழும்பு ஆக்கள் கியூவில நிண்டு 2022லதான் தீர்ப்பு எழுதினாங்க. நாங்க அதுக்கு முந்தியே வயல்ல எழுதிட்டம்.

2021 ஏப்ரலில இரசாயனப் பசளைக்குத் தடை. ஒரே இரவில. சேதனப் பசளை எண்டு சொன்னாங்க, நல்ல விஷயம்தான், ஆர் வேணாம் எண்ட? ஆனா அது எங்க? நொவம்பரில தடையை எடுத்தாங்க, அதுக்குள்ள பெரும்போகம் விதைச்சாச்சு. எடுத்த பின்னயும் யூரியா கைக்கு வரல்ல. முப்பது நாள் பயிர் கரும்பச்சையா நிக்க வேணும். என்ட வயல் எலுமிச்சம்பழக் கலரில நிண்டிச்சு. வரம்பில நிண்டு பார்க்க ஏலாம, தண்ணி பார்க்க மகனை அனுப்பிட்டு நான் வீட்டில இருந்தன். ஏக்கருக்கு முப்பது மூடைக்குக் கிட்ட எடுத்த இடத்தில பன்னிரண்டு. வெட்டுக் கூலி மிசினுக்குக் குடுத்தா மிச்சம் விதைநெல்லுக்கும் காணாது.

பொருளாதாரம் தெரிஞ்ச கட்சி, தெரியாத கட்சி எண்டு எனக்கு இல்ல. போகம் தெரிஞ்சவன், போகம் தெரியாதவன். அவ்வளவுதான். ஒரு பயிரை மாத்துறதெண்டா எத்தனை போகம் எடுக்கும் எண்டு தெரியாதவன் எவ்வளவு படிச்சிருந்தாலும் என்ன?

ஒரு பகிடியும் சொல்றன். 2024 நவம்பர் பாராளுமன்றத் தேர்தலில இருபத்திரண்டு தேர்தல் மாவட்டத்தில இருபத்தொண்டு திசைகாட்டி. மிஞ்சின ஒண்டு மட்டக்களப்பு. நாங்க மட்டும்தான் தமிழரசுக் கட்சிட வீட்டுச் சின்னத்தோட நிண்டம். அதுக்கும் பசளைக்கும் சம்பந்தமில்ல, சண்டைக்கு வராதீங்க.

---

தெல்லிப்பளைப்பெடியன்

தாம்பரத்தான் அண்ணைக்கு நான் சொல்லுறன். எனக்கு இருபத்தேழு வயது, நான் திசைகாட்டிக்குப் போட்டனான், ஒளிக்க ஒண்டுமில்லை.

நாங்கள் "இவைக்குப் பொருளாதாரம் தெரியும்" எண்டு போடேல்லை. "இவை களவெடுக்கமாட்டினம்" எண்டு போட்டனாங்கள். ரெண்டும் ஒண்டில்லை எண்டு எனக்கும் தெரியும். ஆனால் யோசிச்சுப் பாருங்கோ. பொருளாதாரம் தெரியும் எண்டு சொன்ன யானை 2015ல வந்து ரெண்டு மாதத்துக்குள்ள மத்திய வங்கிப் பிணைமுறி (அரசாங்கக் கடன் பத்திரம்) விவகாரம். நிர்வாகம் தெரியும் எண்டு சொன்ன மொட்டு 2022 ஏப்ரல் 12 கடன் கட்ட ஏலாது எண்டு கையை விரிச்சது. பிறகு 2023 நொவம்பரில உயர் நீதிமன்றமே சொல்லிப்போட்டுது, கோட்டாபய, மஹிந்த, பசில், மத்திய வங்கி ஆளுநராக இருந்த அஜித் நிவாட் கப்ரால் எல்லாரும் இந்த நெருக்கடிக்குப் பொறுப்பு எண்டு. கெட்டிக்காரர் எண்டவை எல்லாம் இப்பிடி எண்டால், கெட்டித்தனத்தை வைச்சு என்ன செய்யிறது?

ரணில் ஐயாவுக்கு ஏன் விழேல்லை எண்டு கேட்டால், அவரை அங்க இருத்தினது ஆர்? 2020ல அவர்ட கட்சிக்கு நாடு முழுக்க ஒரே ஒரு ஆசனம், அதுவும் தேசியப்பட்டியல். 2022 ஜூலை 20 பாராளுமன்றத்தில 134 பேர் அவரை ஜனாதிபதியாக்க வாக்குப் போட்டவை. அதில ஆகக் கூட மொட்டுக்காரர். வீட்டை எரிச்சவனின்ர தோளில ஏறி நிண்டு தண்ணி ஊத்தினால், சனம் தண்ணியைப் பார்க்குமோ தோளைப் பார்க்குமோ?

---

கணக்குப்பிள்ளை

தோள் விஷயத்தை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தம்பி, நேர்மை ஒரு பட்ஜெட் இல்லை.

திசைகாட்டி வந்தபின் நடந்ததைப் பாருங்கள். ஐ.எம்.எப். திட்டம் அப்படியே. 18 வீத வற் அப்படியே. 2025 ஜனவரியில் மின்கட்டணம் 20 வீதம் குறைந்தது, ஜூனில் 15 வீதம் கூடியது. சம்பள வரி ஆரம்பிக்கும் எல்லையை மாதம் ஒரு இலட்சத்திலிருந்து ஒன்றரை இலட்சமாக்கினார்கள், அதில் எனக்கும் மிச்சம், மறைக்கவில்லை. வாகன இறக்குமதியைத் திறந்தார்கள். இதில் எதை ரணில் செய்திருக்கமாட்டார்? ஓட்டுநர் மாறினார், பஸ் பழைய ரூட்டில்தான் போகிறது.

என் சந்தேகம், சனத்துக்கும் இது தெரியும். 2024 நவம்பரில் 61 வீதத்துக்கு மேல் போட்டவர்கள் 2025 மே உள்ளூராட்சித் தேர்தலில் 43 வீதத்துக்கு வந்தார்கள். ஆறு மாதம்தான்.

---

தெல்லிப்பளைப்பெடியன்

உள்ளூராட்சிக்கு ரோட்டு லைற் போடுறவனைப் பார்த்துத்தான் போடுவினம். அதையும் இதையும் ஒப்பிடேலாது அண்ணை. பழைய ரூட் எண்டாலும் கொண்டக்டர் மிச்சக் காசு தாறார், அது எனக்குக் காணும். இப்போதைக்கு.

---

நல்லூரான்

"இப்போதைக்கு" எண்ட சொல்லைக் குறிச்சு வைச்சிருக்கிறன் தம்பி.

---

லயத்துப்பொடியன்

பேர் கணக்கையும் போட்டுடுறேன். 2021ல, மொட்டு ஆட்சியில, ஆயிரம் ரூபா ஆச்சு. ஆயிரம் வேணும்னு பல வருசம் போராடி வாங்கினது. அது கைக்கு வந்த மறு வருசமே டொலர் இருநூத்திச் சொச்சத்துலேருந்து முந்நூத்தி அறுபதுக்குப் போச்சு. அந்த ஆயிரம் என்ன ஆச்சுன்னு நீங்களே பார்த்துக்கங்க. 2024 செப்டெம்பர்ல, தேர்தலுக்குக் கிட்ட, 1350. நானூறு கிராம் பால்மா ஆயிரத்தைச் சுத்தி வித்த நேரம் அது. அம்மா நாள் முழுக்க மலை ஏறி இறங்கிக் கொழுந்து எடுத்தா ஒரு பால்மா, ஒரு பாண், கொஞ்சம் சீனி.

அதனால ஒபிசுல கேக் வெட்டினவங்க, வரி எல்லை கூடினவங்க கதையெல்லாம் வாசிக்க நல்லாத்தான் இருக்கு. எங்க லயத்துல வருமான வரி கட்டுற ஆள் ஒருத்தர் கிடையாது. ஆனா வற் எல்லாரும் கட்டுறோம். சோப்புக்கும் கட்டுறோம்.

---

கணக்குப்பிள்ளை

உண்மை. கேக் விஷயத்தை நான் எழுதியதே வெட்கத்தில்தான்.

---

கொட்டாஞ்சேனைக்காரன்

இழை நான் நினைத்ததை விட எங்கேயோ போய்விட்டது. சின்னவெங்காயம் ஐயா, ஒரு கேள்வி. சிறிமா காலத்தில் கல்வீடு கட்டினீர்கள், ஜே.ஆர். வந்ததும் வெங்காயம் முளைத்தது. அப்படியென்றால் உங்கள் அப்பா வாழ்க்கை முழுக்கக் "கை"க்குத்தான் போட்டிருப்பாரா?

---

சின்னவெங்காயம்

இல்லைத் தம்பி. ஒரு தரமும் போடேல்லை.

கல்வீட்டுக்குக் கூரை போட்ட அதே காலத்திலதான் தரப்படுத்தல் வந்தது, கம்பஸ் போகத் தமிழ்ப் பிள்ளையள் கூடப் புள்ளி எடுக்கவேணும் எண்டு. சித்தப்பாவுக்குக் கம்பஸ் கிடைக்கேல்லை. அவர் விசுவமடுவுக்குப் போய்க் காடு வெட்டி மிளகாய் நட்டவர். அதிலயும் நல்லாத்தான் உழைச்சவர், ஆனால் சாகும் வரைக்கும் தன்னை "இஞ்சினியராக வரவேண்டியவன்" எண்டுதான் சொல்லிக்கொண்டு திரிஞ்சவர். அப்பா காசை எண்ணேக்க சிறிமாவைப் புகழுவார், சித்தப்பா வந்தால் வாயை மூடிடுவார்.

77ல தமிழர் விடுதலைக் கூட்டணியின்ர உதயசூரியனுக்குப் போட்டார். ஊரே போட்டது. அந்தத் தேர்தல்ல எங்கட பக்கம் நடந்த கூட்டம் ஒண்டையும் நான் விடேல்லை, பதினெட்டு இருபது வயதுப் பெடியன். தமிழீழம் கதைச்சவை, வட்டுக்கோட்டைத் தீர்மானம் கதைச்சவை. கதவு திறந்தால் வெங்காயத்துக்கு என்ன நடக்கும் எண்டு ஒருத்தரும் கதைக்கேல்லை. அப்பாவும் கேக்கேல்லை. முன்வரிசையில இருந்து கை தட்டிப்போட்டு, வீட்ட வந்து மிளகாய்ப் பாயைச் சுருட்டினவர்.

அடுத்த போகம் புகையிலை வைச்சார்.